சப்ளையர் டைவர்சிட்டி: சர்ட்டிஃபிகேட்டுக்கு முன்னால் வாங்குகிறவரைத் தேடுங்கள்

அமெரிக்காவில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்தும் தமிழர்களுக்கு, அது ஐடி கன்சல்டிங்கோ ஸ்டாஃபிங்கோ கேட்டரிங்கோ எதுவானாலும், ஒரு கட்டத்தில் யாராவது இந்த யோசனையைச் சொல்லிவிடுவார்கள்: "கம்பெனியை உங்க வொய்ஃப் பேர்ல மாத்திடுங்க, விமன் ஓன்டு சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டா கான்ட்ராக்ட் தானா வரும்." இதில் இரண்டு தப்பு இருக்கிறது. பேரை மாற்றினால் சர்ட்டிஃபிகேட் வராது, சர்ட்டிஃபிகேட் வந்தால் கான்ட்ராக்ட் தானாக வராது. அப்படியென்றால் இதனால் என்ன பயன், யார் வாங்கலாம், எங்கே ஆரம்பிப்பது என்று புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அமெரிக்க மத்திய அரசு தன் கொள்முதலில் 23 சதவீதம் சிறு நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதற்குள் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 5 சதவீதம், பணியில் உடல்நலம் பாதிக்கப்பட்ட முன்னாள் ராணுவத்தினரின் நிறுவனங்களுக்கு 5 சதவீதம் (2023 டிசம்பரில் சட்டம் மாறும்வரை அது 3 ஆக இருந்தது), சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கியவர்களின் நிறுவனங்களுக்கு 5 சதவீதம். அரசாங்கத்தோடு பெரிய கான்ட்ராக்ட் போடும் பெரிய கம்பெனிகளும் சிறு நிறுவனங்களுக்கு எவ்வளவு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறோம் என்று திட்டம் எழுதித் தர வேண்டும், 1978 முதல் இது சட்டம். அரசோடு சம்பந்தமே இல்லாத தனியார் கம்பெனிகளும் தங்கள் விருப்பத்தில் இதே மாதிரி திட்டங்களை நடத்துகின்றன, சப்ளையர் டைவர்சிட்டி என்பது இதைத்தான். இந்தக் கணக்கையெல்லாம் காட்ட வேண்டியவர்களுக்கு "இந்தக் கம்பெனி உண்மையிலேயே பெண்ணுடையதுதான்" என்று வேறு யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும், அந்தச் சரிபார்ப்புதான் சர்ட்டிஃபிகேட்.

முதலில் யாருக்கு விற்கப் போகிறீர்கள்?

எல்லோரும் சர்ட்டிஃபிகேட்டில் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் வாங்குகிறவரில் ஆரம்பியுங்கள். காரணம் எளிது: மத்திய அரசு ஏற்கும் சர்ட்டிஃபிகேட் வேறு, தனியார் கம்பெனி கேட்பது வேறு, மாநில அரசு, மாநகராட்சி, விமான நிலையம், மின்சாரக் கம்பெனி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காகிதம். எல்லாவற்றையும் வாங்க முயன்றால் ஒரு வருடம் விண்ணப்பம் நிரப்புவதிலேயே போய்விடும், வியாபாரம் அப்படியே நிற்கும்.

உங்கள் பொருளையோ சேவையையோ நிஜமாகவே வாங்கக்கூடிய பத்துப் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொருவரின் சப்ளையர் பக்கத்தையும் திறந்து, அவர்கள் எந்தச் சர்ட்டிஃபிகேட்டை ஏற்கிறார்கள் என்று பாருங்கள். மத்திய அரசென்றால் யுஎஸ்ஏ ஸ்பெண்டிங் டாட் கவ் தளத்தில் எந்தத் துறை எதை யாரிடம் எவ்வளவுக்கு வாங்கியது என்று பொதுவிலேயே கிடக்கிறது. உங்கள் ஊரில் உள்ள ராணுவத் தளமோ வெட்டரன் (முன்னாள் ராணுவத்தினர்) மருத்துவமனையோ போன வருடம் யாரிடம் சுத்தம் செய்யும் வேலையைக் கொடுத்தது, என்ன விலைக்கு, எப்போது முடிகிறது என்பது வரை தெரிந்துகொள்ளலாம். பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

இந்தத் தேடலை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியதும் இல்லை. ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர் என்று எல்லா மாநிலங்களிலும் மையங்கள் உள்ளன. பழைய ஆட்கள் பீடாக் என்று சொல்வார்கள், அதே அமைப்புதான், பாதுகாப்புத் துறையின் நிதியில் ஓடுகிறது. அரசுக்கு விற்பது எப்படி என்று உட்கார்ந்து சொல்லித் தருவார்கள், விண்ணப்பத்தைச் சரிபார்ப்பார்கள், பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. சிறு தொழில் நிர்வாகத்தின், அதாவது எஸ்பிஏவின் உதவியோடு சிறு தொழிலுக்கு ஆலோசனை தரும் எஸ்பிடிசி மையங்கள், பெண்களுக்கான விமன்ஸ் பிசினஸ் சென்டர், முன்னாள் ராணுவத்தினருக்கான விபிஓசி, ஓய்வுபெற்ற அனுபவசாலிகள் வழிகாட்டும் ஸ்கோர் எல்லாமும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் வாங்கும் கன்சல்டன்ட்டைப் பிடிப்பதற்கு முன் இவர்களிடம் போங்கள்.

உங்கள் விசா என்ன?

இதை யாரும் முதலில் சொல்வதில்லை. ஹெச்-4 இஏடி (ஹெச்-1பி விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி) வைத்துக்கொண்டு சொந்தமாகக் கம்பெனி தொடங்கி நன்றாக நடத்தும் பெண்கள் நம்மில் நிறைய. அவர்களுக்குக் கம்பெனி வைக்க உரிமை உண்டு, ஆனால் எஸ்பிஏவின் பெண்கள் சர்ட்டிஃபிகேட் கிடைக்காது, அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். பின்தங்கியவர்களின் நிறுவனங்களுக்காக எஸ்பிஏ நடத்தும் எயிட்-ஏ திட்டத்துக்கும் அப்படித்தான். மைனாரிட்டி சர்ட்டிஃபிகேட் கொடுக்கும் என்எம்எஸ்டிசியும் குடியுரிமை கேட்கிறது. வீபெங்க் என்று சொல்லப்படும் பெண் தொழில்முனைவோர் கவுன்சில் மட்டும் கிரீன் கார்டு இருந்தாலும் ஏற்கும். கிரீன் கார்டுக்காகக் காத்திருப்பவர் இந்த எல்லாவற்றையும் மறந்துவிட்டு "சிறு நிறுவனம்" என்ற அடையாளத்தோடு தனியார் கம்பெனிகளுக்கு விற்பதில் கவனம் வைப்பதுதான் இப்போதைக்கு வழி.

51 சதவீதம் என்பது பாதிக் கதைதான்

எல்லாச் சர்ட்டிஃபிகேட்டுக்கும் பொது விதி: குறைந்தது 51 சதவீதப் பங்கு அந்தப் பிரிவைச் சேர்ந்தவரிடம் இருக்க வேண்டும். இதை எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். மீதிப் பாதியைத்தான் விட்டுவிடுகிறார்கள், அது கட்டுப்பாடு. தினசரி வேலையையும் நீண்டகால முடிவுகளையும் அவர்தான் எடுக்க வேண்டும், கம்பெனியின் உயர்ந்த பதவியில் அவர்தான் இருக்க வேண்டும், அதைக் காகிதத்திலும் காட்ட வேண்டும், நேரிலும் காட்ட வேண்டும்.

கணவர் வாடிக்கையாளரோடு பேசுகிறார், கணவர் ஆட்களை எடுக்கிறார், வங்கிக் கணக்கில் கணவர் கையெழுத்து, ஆபரேட்டிங் அக்ரிமென்டில் (கம்பெனியை எப்படி நடத்துவது என்று பங்குதாரர்கள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்) "முக்கிய முடிவுகளுக்கு இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி. இப்படி இருந்தால் மனைவியிடம் 51 அல்ல, 90 சதவீதம் இருந்தாலும் நிராகரிப்பார்கள். அந்த ஒரு வரி போதும், ஏனென்றால் கணவர் ஒப்புக்கொள்ளாமல் மனைவியால் எதுவும் செய்ய முடியாது என்று அதற்கு அர்த்தம். மனைவி வேறு இடத்தில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டிருந்தால் அதையும் கேட்பார்கள். வீபெங்க் ஆட்கள் நேரில் வந்தோ வீடியோவிலோ பேட்டி எடுப்பார்கள்: கடைசியாக எந்த விலைப்புள்ளியை நீங்கள் கொடுத்தீர்கள், லாப விகிதம் என்ன, இன்ஷூரன்ஸ் யாரிடம், சம்பளம் எப்படிப் போகிறது? நிஜமாக நடத்துகிறவருக்கு இதெல்லாம் கேள்வியே இல்லை. பேருக்கு உட்கார்ந்திருப்பவர் இரண்டாவது கேள்வியிலேயே பக்கத்து அறையைப் பார்ப்பார்.

இன்னொன்றையும் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். அரசுக் கான்ட்ராக்ட் வாங்குவதற்காகப் பொய்யான தகுதி காட்டினால் ஐந்து லட்சம் டாலர் வரை அபராதமும் பத்து வருடம் வரை சிறையும் என்று சட்டம் சொல்கிறது, இனிமேல் அரசு வேலையே எடுக்க முடியாதபடி தடையும் போடுவார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இதன் கனம் தெரியும். மனைவிதான் நடத்துகிறார் என்றால் விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் விடுங்கள், அல்லது நிஜமாகவே பொறுப்பை மாற்றிக்கொடுத்து ஒன்றிரண்டு வருடம் அவரை நடத்தவிட்டு அப்புறம் வாருங்கள்.

பதிவு: சாம் டாட் கவ்

மத்திய அரசுக்கு நேரடியாக விற்க வேண்டுமானால் சாம் டாட் கவ் தளத்தில் பதிவு கட்டாயம். இலவசம். பதிந்ததும் யுஇஐ என்ற 12 எழுத்து அடையாள எண் கிடைக்கும், 2022 ஏப்ரல் வரை டன்ஸ் எண் இருந்த இடத்தில் இப்போது இதுதான். கூடவே கேஜ் கோடு என்ற இன்னொரு அரசு அடையாள எண்ணும் வரும். கம்பெனியின் பெயரும் முகவரியும் வருமான வரித்துறையிலும் மாநிலப் பதிவிலும் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரு இடத்தில் "எல்எல்சி" இருந்து இன்னொரு இடத்தில் இல்லாவிட்டால்கூட வாரக்கணக்கில் இழுக்கும். வருடத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும்.

பதிந்த மறுநாளிலிருந்து உங்கள் போனும் மெயிலும் நிரம்பும். "உங்கள் சாம் பதிவு காலாவதியாகிறது, 599 டாலர் கட்டுங்கள்" என்கிற பாணியில், அரசு முத்திரை மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவார்கள். பதிவு விவரம் பொதுவில் தெரிவதால் அதை எடுத்துத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள், அரசு இதற்குக் காசு கேட்பதில்லை.

பதிவின்போது நெய்க்ஸ் கோடு கேட்கும், உங்கள் தொழிலுக்கான ஆறு இலக்க எண். மென்பொருள் எழுதித் தருகிறவர்களுக்கு 541511, சிஸ்டம் டிசைனுக்கு 541512, கேட்டரிங்குக்கு 722320, கட்டடம் சுத்தம் செய்வதற்கு 561720. இந்த எண்ணைப் பொறுத்துத்தான் நீங்கள் "சிறு நிறுவனமா" என்பதே முடிவாகிறது. மென்பொருளுக்கு ஆண்டு வரவு சராசரி 34 மில்லியன் டாலர் வரை சிறியது, கேட்டரிங்குக்கு 9 மில்லியன்தான். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த உச்சம் கவலையில்லை, ஆனால் இருபது கோடுகளைப் போட்டு வைக்காதீர்கள். எல்லாம் செய்வேன் என்கிறவரிடம் எதையும் கொடுக்கப் பயப்படுவார்கள்.

எந்தச் சர்ட்டிஃபிகேட்

பெண்களுக்கு இரண்டு தனி உலகங்கள். மத்திய அரசுக்கு எஸ்பிஏவின் டபிள்யூஓஎஸ்பி சர்ட்டிஃபிகேட், இலவசம், மூன்று வருடத்துக்கொரு முறை மறுபரிசீலனை. 2020 அக்டோபருக்கு முன் "நான் பெண் நிறுவனம்" என்று நாமே அறிவித்துக்கொண்டால் போதுமாக இருந்தது, இப்போது ஒதுக்கீட்டுக் கான்ட்ராக்டுக்கு, அதாவது அந்தப் பிரிவினர் மட்டும் போட்டியிடும் கான்ட்ராக்டுக்கு, முறையான சர்ட்டிஃபிகேட் வேண்டும். இதில் ஒரு கண்ணி: பெண்களுக்கான ஒதுக்கீடு எல்லாத் தொழிலுக்கும் இல்லை, எஸ்பிஏ வெளியிட்டிருக்கும் பட்டியலில் உங்கள் நெய்க்ஸ் கோடு இருக்க வேண்டும். சில கோடுகளுக்குச் சொத்து மதிப்பு குறைவான பெண்களுக்கு மட்டும்தான் ஒதுக்கீடு, அந்த வரம்பு வீட்டையும் கம்பெனியையும் ஓய்வூதியக் கணக்கையும் சேர்க்காமல் 8,50,000 டாலர். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். தனியார் கம்பெனிகளுக்கு விற்பதானால் 1997ல் தொடங்கிய வீபெங்கின் டபிள்யூபிஇ, இதற்குக் கட்டணம் உண்டு, உங்கள் ஆண்டு வரவைப் பொறுத்து ஏறும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வீபெங்க் எஸ்பிஏ அங்கீகரித்த அமைப்பு என்பதால் குடியுரிமை உள்ளவர்கள் அதன் வழியாகவே மத்திய அரசுச் சர்ட்டிஃபிகேட்டுக்கும் போகலாம்.

முன்னாள் ராணுவத்தினர் கதை இப்போது கொஞ்சம் சுலபம். 2023 ஜனவரி முதல் வெட்சர்ட் என்ற பெயரில் எஸ்பிஏவே சர்ட்டிஃபிகேட் கொடுக்கிறது, அதற்கு முன் வெட்டரன் துறை கொடுத்துக்கொண்டிருந்தது. இலவசம். வெட்டரன் துறைதான் இவர்களுக்கு நல்ல வாடிக்கையாளர்: நியாயமான விலையில் இரண்டு வெட்டரன் கம்பெனிகளாவது வருவார்கள் என்று தோன்றினால் அந்த வேலையை அவர்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று 2016ல் உச்ச நீதிமன்றம் கிங்டம்வேர் வழக்கில் தீர்ப்பளித்தது. தனியார் பக்கம் போவதானால் நவோபா அமைப்பின் சர்ட்டிஃபிகேட். நம்மவர்களில் வெட்டரன் யார் இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். குடியுரிமை இல்லாதவர்களை மொழித் திறனுக்காக ராணுவத்தில் சேர்த்த மவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது, அதில் சேர்ந்து குடியுரிமை பெற்றவர்கள் இன்று வெட்டரன்கள்.

மைனாரிட்டி விஷயம்தான் இப்போது கலங்கிக் கிடக்கிறது, பழைய வழிகாட்டிகளை நம்பிப் போகாதீர்கள். 1972ல் தொடங்கிய என்எம்எஸ்டிசியின் எம்பிஇ சர்ட்டிஃபிகேட் தனியார் கம்பெனிகளுக்கானது, இந்திய வம்சாவளியினர் அதன் பட்டியலில் தனிப் பிரிவாகவே இருக்கிறார்கள். ஆனால் பட்டியல்கள் ஒன்றுபோல் இருக்காது. எஸ்பிஏவின் "துணைக்கண்ட ஆசியர்" பட்டியலில் இலங்கை பெயர் சொல்லி இருக்கிறது, தனியார் அமைப்புகளில் அப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் கட்டணம் கட்டும் முன் என்எம்எஸ்டிசியின் அந்தந்த வட்டாரக் கவுன்சிலிடம் ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அரசுப் பக்கம் எயிட்-ஏ. ஒன்பது வருடத் திட்டம், வாழ்நாளில் ஒரே முறை. முன்பெல்லாம் ஆசியர் என்றாலே சமூக ரீதியில் பின்தங்கியவர் என்று எடுத்துக்கொள்வார்கள். 2023 ஜூலையில் டென்னசி நீதிமன்றம் அல்டிமா வழக்கில் அதைத் தடுத்தது, அதன்பின் தனக்கு நேர்ந்த பாகுபாட்டை, எப்போது, எங்கே, அதனால் தொழிலில் என்ன நஷ்டம் என்று ஆதாரத்தோடு தனித்தனியாக எழுதிக் காட்டும் நிலை வந்தது. 2025 ஜூனில் எஸ்பிஏ இந்தத் திட்டத்தையே முழுத் தணிக்கை செய்யப்போவதாக அறிவித்தது. நெடுஞ்சாலை, விமான நிலைய வேலைகளுக்கான டிபிஇ திட்டத்திலும் இனம், பாலினம் வைத்துத் தானாகத் தகுதி தரும் விதியை 2025 அக்டோபரில் நீக்கிவிட்டார்கள். 1969 முதல் இருந்த மைனாரிட்டி தொழில் வளர்ச்சி முகமை எம்பிடிஏவைச் சுருக்கச் சொல்லி 2025 மார்ச்சில் அதிபர் ஆணை வந்தது, ஆகவே "எம்பிடிஏ மையத்துக்குப் போங்கள்" என்று எழுதியிருந்தால் அங்கே விளக்கு எரிகிறதா என்று முதலில் கூப்பிட்டுக் கேளுங்கள். பல தனியார் கம்பெனிகளும் டைவர்சிட்டி என்ற பெயரை எடுத்துவிட்டு "சிறு நிறுவனத் திட்டம்", "சப்ளையர் இன்க்ளூஷன்" என்று பலகையை மாற்றிவிட்டன. சில இடங்களில் பலகை மட்டும் மாறியிருக்கிறது, உள்ளே அதே ஆட்கள். சில இடங்களில் நிஜமாகவே மூடிவிட்டார்கள்.

என் கருத்து: இன்று புதிதாக ஆரம்பிக்கும் ஒருவர் மைனாரிட்டி சர்ட்டிஃபிகேட்டை மட்டும் நம்பித் திட்டம் போடக் கூடாது. வாங்குகிறவர் "எம்பிஇ இருக்கிறதா" என்று வாய்விட்டுக் கேட்டால் வாங்குங்கள். பெண்கள், வெட்டரன் இலக்குகள் சட்டத்திலேயே எழுதப்பட்டவை. அதற்கும் மேலாக வெறும் "சிறு நிறுவனம்" என்ற தகுதியை நம்மவர்கள் மதிப்பதே இல்லை. 15,000 டாலருக்கு மேல் 3,50,000 வரையிலான மத்திய அரசுக் கொள்முதல் வழக்கமாகச் சிறு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கப்படுவது, 2025 அக்டோபரில்தான் இந்த வரம்புகளை உயர்த்தினார்கள். இதற்கு எந்த இனச் சான்றும் வேண்டாம்.

மாநிலங்களில் கலிபோர்னியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே மின்சார, எரிவாயு, தொலைபேசிக் கம்பெனிகள் ஜெனரல் ஆர்டர் 156 என்ற 1988ஆம் ஆண்டு விதியின் கீழ் பெண்கள், மைனாரிட்டி, உடல் பாதிக்கப்பட்ட வெட்டரன், எல்ஜிபிடி நிறுவனங்களிடம் எவ்வளவு வாங்கினோம் என்று இந்தக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மாநில ஆணையத்துக்கு வருடாவருடம் கணக்குக் காட்டுகின்றன. அதற்கான சப்ளையர் கிளியரிங்ஹவுஸ் சர்ட்டிஃபிகேட் இலவசம்.

ஒரு பக்கம் போதும்

கேப்பபிலிட்டி ஸ்டேட்மென்ட் என்று ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். என்ன செய்கிறீர்கள், யாருக்குச் செய்திருக்கிறீர்கள், மற்றவரைவிட எதில் வேறு, யுஇஐ, கேஜ், நெய்க்ஸ், சர்ட்டிஃபிகேட், இன்ஷூரன்ஸ் விவரம், ஒரு மனிதரின் பெயரும் போனும். "தரமே எங்கள் தாரக மந்திரம்" வகை வரிகளுக்கு இடமில்லை. "ஒரு வேளைக்கு 400 பேருக்கு, சைவம் அசைவம் தனிச் சமையலறையில், 30 மைல் சுற்றளவில்" என்று இருந்தால் வாங்குகிறவர் தலை நிமிர்த்திப் பார்ப்பார்.

சர்ட்டிஃபிகேட் கல்யாணப் பத்திரிகை மாதிரி, மண்டபத்துக்குள் விடும், பந்தியில் இடம் நாம்தான் பிடிக்க வேண்டும். அதனால் கம்பெனியின் சப்ளையர் தளத்தில் பெயரைப் பதிந்துவிட்டு உட்காராதீர்கள், அரிபா, கூப்பா மாதிரி தளங்களில் ஆயிரக்கணக்கான பெயர்கள் தூங்குகின்றன. டைவர்சிட்டி அல்லது சிறு நிறுவனத் தொடர்பு அதிகாரிக்கு வாங்கும் அதிகாரம் கிடையாது, அவர் அறிமுகம்தான் செய்வார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த வேலையை உங்களிடம் யார் வாங்குகிறார்கள், இப்போதைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது?"

நேரடியாக நுழைய முடியாவிட்டால் டியர் 2. பெரிய கான்ட்ராக்டருக்குக் கீழே வேலை எடுப்பது. ஐடி ஸ்டாஃபிங்கில் இருப்பவர்களுக்கு இது பழகிய பாதை, ஒரு கன்சல்டன்ட்டுக்கும் கடைசி வாடிக்கையாளருக்கும் நடுவில் மூன்று அடுக்கு இருப்பது நமக்குப் புதிதா என்ன. டபிள்யூபிஇ இருந்தால் அந்த மேல் கான்ட்ராக்டருக்கும் உங்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் ஒதுக்கீட்டில் அரசின் சேவைக் கான்ட்ராக்டை நீங்களே முதன்மையாக எடுத்தால், கிடைக்கும் பணத்தில் பாதிக்கு மேல் உங்கள் பிரிவைச் சேராத வேறு கம்பெனிக்குக் கைமாற்ற முடியாது. பேரை மட்டும் கொடுத்து கமிஷன் வாங்கும் யோசனை இங்கே உடைகிறது.

பணம் எப்போது வரும்

விலை கொடுக்கும் முன் இதைக் கேளுங்கள். மத்திய அரசு வழக்கமாக 30 நாளில் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி. பெரிய தனியார் கம்பெனிகளில் 60, 90 நாள் சாதாரணம். உங்கள் ஆட்களுக்கு இரண்டு வாரத்துக்கொரு முறை சம்பளம் போகும். ஐந்து பேரை வேலைக்கு அனுப்பி மூன்று மாதம் கையிலிருந்து சம்பளம் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வங்கியில் கிரெடிட் லைன் வேண்டுமென்றால் கான்ட்ராக்ட் வருவதற்கு முன்பே பேசி வையுங்கள், அவசரத்தில் போய் நின்றால் வட்டி கண்ணைக் கட்டும். டைவர்சிட்டி திட்டம் வைத்திருக்கும் சில கம்பெனிகள் சிறு சப்ளையர்களுக்குச் சீக்கிரம் பணம் தரும் ஏற்பாட்டையும் வைத்திருக்கின்றன, கேட்காதவர்களுக்குத் தானாக வராது.

முதல் சில ஏலங்கள் பெரும்பாலும் தோற்கும். தோற்றால் சும்மா இருக்காதீர்கள். மத்திய அரசின் பெரிய போட்டிக் கொள்முதல்களில் முடிவு அறிவித்த மூன்று நாளுக்குள் எழுத்தில் கேட்டால் டிப்ரீஃபிங் கொடுப்பார்கள், உங்கள் விண்ணப்பத்தில் எது பலவீனம், ஜெயித்தவர் மொத்த விலை என்ன என்று தெரிந்துகொள்ளலாம். நான்காம் நாள் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.